தொலைகாட்டியும் மனிதக் கண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

தொலைகாட்டியின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் 1610ஆம் ஆண்டு யனவரி மாதம் 7ஆந் திகதி இரவிலிருந்தே உயிர்ப்புப் பெறுகின்றன. பாதுவா நகரிலே கலிலியோ தமது குழாயை வியாழனை நோக்கித் திருப்பி, அதன் அருகே மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டமையும், சில நாட்களில் நான்காவதையும் கண்டு அவை வியாழனைச் சுற்றிவரும் உபகோள்களெனத் தெளிந்தமையும், அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே அச்செய்திகளை நூலாக்கி வெளியிட்டமையும் யாவரும் அறிந்தவையே. அதன்பின் நியூற்றனின் ஆடித் தொலைகாட்டி, ஹேர்ஷலின் பெருந்தொலைகாட்டிகள், பலோமார் மலையின் 200 அங்குல ஆடி, புவியைச் சுற்றிவரும் ஹபிள் என வரலாறு மேலே மேலே ஏறிச் செல்கின்றது. ஆடியின் விட்டம் கூடக்கூட அண்டத்தின் எல்லையும் விரிகின்றது. இவ்வரலாறு பிழையானதன்று, ஆனால் முழுமையானதுமன்று. தொலைகாட்டியின் ஒரு முனை வானை நோக்கியிருந்த வேளையில் அதன் மறுமுனையில் ஒரு மனிதக் கண் இருந்தது என்பதை அது பெரும்பாலும் மறந்துவிடுகின்றது.

இம்மறதி சிறியதொன்றன்று. வானாராய்ச்சிக்குச் செலவிடப்படும் பெரும் பணத்தினால் பாமர மக்களுக்கு யாது பயன் என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. அவ்வினாவுக்கு விடையிறுப்போர், வானியலின் உபவிளைவாகச் சில கருவிகள் மருத்துவத்துக்குக் கிடைத்தன என்று கூறித் தப்பித்துக்கொள்வர். விருந்து முடிந்தபின் சிந்திய பருக்கைகளைக் காட்டும் விடை இது. உண்மையில், தொலைகாட்டியைப் பற்றிய ஆராய்ச்சியும் கண்ணைப் பற்றிய ஆராய்ச்சியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. ஒன்றிலே தோன்றிய பிழையே மற்றதன் அறிவுக்கு வழிதிறந்தது. நானூறு ஆண்டு வரலாற்றிலே இதனைத் தெளிவாகக் காட்டும் சில கட்டங்களை நோக்கலாம்.

தொலைகாட்டி பிறந்த இடம் வானாய்வு நிலையமன்று. மூக்குக்கண்ணாடி செய்யும் கடையாகும். ஒல்லாந்து நாட்டின் சீலாந்து மாகாணத்து மிடில்பேர்க் நகரிலே மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹை என்பார், தூரத்துப் பொருள்களை அண்மையிற் காட்டும் கருவியொன்றுக்குத் தனியுரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1608ஆம் ஆண்டு ஒற்றோபர் 2ஆந் திகதி அந்நாட்டு மாகாணங்களின் பேரவை அதனை ஆராய்ந்தது. பேரவையினர் அக்கருவியின் பயனை உடனே கண்டுகொண்டனர். ஸ்பானியரோடு நெடும்போர் நடத்தி, அப்பொழுது இடைக்கால அமைதிபற்றிப் பேசிக்கொண்டிருந்த அரசுக்குப் பகைவனை முன்கூட்டியே காணும் குழாய் எத்துணை வேண்டப்பட்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் ஒரு திருத்தத்தை விரும்பினர்: இரு கண்களாலும் ஒருங்கே பார்க்கத்தக்கதாக அதனை அமைத்துத் தருமாறு கேட்டனர். லிப்பர்ஹை அவ்வாறே செய்து கொடுத்துப் பணமும் பெற்றார். தனியுரிமை மட்டும் கிடைக்கவில்லை. வேறு சிலரும் அக்கருவியை அறிந்திருந்தனர் என்பதே காரணமாகக் கூறப்பட்டது.

இங்கே வரலாற்று மாணவர் எவருக்கும் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. மூக்குக்கண்ணாடி இத்தாலியிலே 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கிலிருந்தது. முதியோருக்கான குவிவு வில்லையும், பின்னர் கிட்டப்பார்வையுடையோருக்கான குழிவு வில்லையும் கடைகளில் விலைக்குக் கிடைத்தன. இவ்விரண்டையும் ஒரு குழாயின் இரு முனைகளிற் பொருத்தினால் தொலைகாட்டி ஆகிவிடும். அவ்வாறாயின் ஏன் முந்நூறு ஆண்டுகள் கழிந்தன? றொல்ஃப் வில்லாக் என்னும் ஆய்வாளர் பழைய வில்லைகள் பலவற்றை அளந்து ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதற்கொரு விடை கூறுகின்றார். அக்கால வில்லைகள் நடுவிலே ஓரளவு செம்மையாகவும் விளிம்பை நோக்கிச் செல்லச்செல்ல வடிவு கெட்டும் இருந்தன. மூக்குக்கண்ணாடிக்கு இது பெருங்குறையன்று. கண்மணியின் துளை சில மில்லிமீற்றர் அகலமே உடையதாதலால், கண் ஒருபோதில் வில்லையின் சிறு பகுதியூடாகவே பார்க்கின்றது. எஞ்சிய பகுதியின் குறை அதற்குத் தெரிவதில்லை. ஆனால் அதே வில்லையைத் தொலைகாட்டியின் முன்முனையில் வைத்தால் அதன் முழுப்பரப்பிலிருந்தும் வரும் ஒளி ஒருங்கே கண்ணை அடைகின்றது. விளிம்பின் பிழை உருவத்தைக் கலக்கிவிடுகின்றது. வில்லையின் விளிம்பை ஒரு வளையத்தால் மறைத்து நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று கண்டமையே மிடில்பேர்க்கின் உண்மையான புதுமை என்பது வில்லாக்கின் கருத்து. கலிலியோவின் எஞ்சியுள்ள தொலைகாட்டிகளிலும் இத்தகைய வளையம் உண்டு. தொலைகாட்டிக்கு ஒரு கண்மணியை அமைத்துக் கொடுத்தபோதே அது தொலைகாட்டி ஆயிற்று எனலாம். மூக்குக்கண்ணாடி செய்வோனுக்கு அன்றி வேறு யாருக்கு இது முதலிற் புலப்பட்டிருக்கும்?

கலிலியோவின் பெருமையை இது குறைப்பதன்று. கேள்வியுற்ற கருவியைத் தாமே செய்து, எட்டு மடங்கு பெருக்கத்தை ஒரே ஆண்டினுள் இருபது மடங்காக்கியவர் அவர். 1609ஆம் ஆண்டு நவம்பரில் அவருக்கு வந்த கடிதமொன்றின் மீது அவர் எழுதிவைத்த பொருட்பட்டியல் இன்றும் உள்ளது. பீரங்கிக் குண்டுகள், ஈயத்தின் இனமான தகரத்தாலான இசைக்குழாய், தேய்த்த ஜேர்மனியக் கண்ணாடி, ஆடித் துண்டுகள், தேய்ப்பதற்கான பொடி ஆகியவற்றோடு, மகனுக்குத் தொப்பியும் பாதணியும், கொண்டைக்கடலை, அரிசி, மிளகு, கிராம்பு, கறுவா என வீட்டுச் சாமான்களும் அதில் இடம்பெறுகின்றன. அக்காலத்தில் ஐரோப்பியச் சந்தையை அடைந்த கறுவாவின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் ஊடாக இலங்கைக் கரையோரத்திலிருந்தே சென்றது என்பதை இடையிலே நினைவுகூரலாம். குண்டுகள் வில்லையின் குழிவைத் தேய்ப்பதற்காக இருத்தல் கூடும். எவ்வாறாயினும் புதிய வானியலின் கருவி கடைத்தெருவிலும் கைவினைப் பட்டறையிலும் உருவானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

எனினும் கலிலியோ கண்டதைப் பிறர் காணவில்லை. 1610 ஏப்பிரலிலே பொலோஞா நகரில் மஜினி என்னும் வானியற் பேராசிரியரின் இல்லத்தில் கற்றோர் பலர் கூடியிருக்க அவர் தமது கருவியைக் காட்டினார். பார்த்தவருட் பலர் வியாழனின் உபகோள்களைத் தெளிவாகக் கண்டிலர். மஜினியின் உதவியாளரான மார்ட்டின் ஹோர்க்கி, இக்கருவி நிலவுலகில் அற்புதம் செய்கின்றது, வானிலோ ஏமாற்றுகின்றது என்ற கருத்துப்படப் பிராக் நகரிலிருந்த கெப்ளருக்கு எழுதினார். ஹோர்க்கியைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அவரது ஐயம் நியாயமற்றதன்று. குழாய்க்கும் கண்ணுக்கும் இடையே என்ன நிகழ்கின்றது என்பதை அறியாதவரை, குழாயூடாகத் தெரிவது வானில் உள்ளதா, வில்லையில் உள்ளதா, கண்ணில் உள்ளதா என்று எவ்வாறு சொல்ல முடியும்?

அதைச் சொல்லக்கூடியவர் அன்று ஒருவர் இருந்தார். அவரே கெப்ளர். அவரது தகுதி வானியலிலிருந்தே வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. தைக்கோ பிராகே, ஊசித்துளையூடாக விழும் சூரிய பிம்பத்தைக் கொண்டு கிரகணங்களை அளந்தபோது, சூரிய கிரகண வேளையிற் சந்திரன் வழமையிலும் சிறியதாய்த் தோன்றுவதைக் கண்டு திகைத்தார். 1600ஆம் ஆண்டு யூலையில் கிராற்ஸ் நகரிலே ஒரு கிரகணத்தைத் தாமே அவ்வாறு நோக்கிய கெப்ளர், சந்திரன் சுருங்கவில்லை, துளையின் அகலமே ஒளியுள்ள பகுதியை விரித்து இருண்ட பகுதியைக் குறுக்குகின்றது என்று காட்டினார். அத்தோடு அவர் அமையவில்லை. கருவியிலே துளையினால் பிழை நேருமாயின், கண்ணும் ஒரு துளையுடையதன்றோ? வானியலாளன் நம்பியிருக்கும் கண் எவ்வாறு பார்க்கின்றது என்பதை அறியாமல் வானத்தை அளத்தல் எங்ஙனம்? இவ்வினாவின் விளைவாக 1604ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஒளியியல் நூலின் ஐந்தாம் அதிகாரம், பீலிக்ஸ் பிளாற்றர் முதலிய உடற்கூற்றறிஞரின் துணைகொண்டு, கண்ணின் முன்னுள்ள ஒளி முறிவடைந்து பின்புறத்து விழித்திரையிலே தலைகீழான ஓவியமாக விழுகின்றது என நிறுவியது. கிட்டப்பார்வை உடையோருக்கு அவ்வோவியம் விழித்திரைக்கு முன்னே குவிந்துவிடுகின்றது. குழிவு வில்லை அதனைப் பின்தள்ளுகின்றது. முந்நூறு ஆண்டுகளாக அணிந்துவந்த மூக்குக்கண்ணாடி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை மனிதன் அறிந்தது, சந்திரனின் விட்டத்திலே நேர்ந்த ஒரு பிழையைத் தீர்க்கப் புகுந்த பொழுதிலேதான். கெப்ளரின் கண்களே குறையுடையன என்பதையும் குறிப்பிடவேண்டும். சிறு வயதிற் கண்ட பெரியம்மை அவரது பார்வையைப் பலவீனமாக்கியிருந்தது.

1610 ஓகஸ்ற் இறுதியிலே கலிலியோ செய்த தொலைகாட்டியொன்று கெப்ளருக்குச் சில நாட்கள் இரவலாகக் கிடைத்தது. அவர் கையாண்ட முறை எளியது. ஆனால் மிகச் சிறந்தது. நோக்குவோர் ஒவ்வொருவரும் தாம் கண்ட உபகோள்களின் நிலையை மற்றவர் அறியாதபடி சுண்ணக்கட்டியினால் வரைந்தனர். பின்னர் வரைவுகள் ஒப்பிடப்பட்டன. அவை ஒத்திருந்தன. வியாழனின் உபகோள்கள் கலிலியோவின் சொல்லாக இருந்த நிலை நீங்கிப் பலர் ஒப்பிய உண்மையாயின. அதே வாரங்களில் எழுதி 1611இல் வெளியான நூலிலே, இரு குவிவு வில்லைகளால் ஆன வேறொரு தொலைகாட்டியின் கொள்கையையும் அவர் வகுத்தார். அதிலே உருவம் தலைகீழாகத் தோன்றும். விழித்திரையில் உருவம் எப்பொழுதும் தலைகீழாகவே விழுகின்றது என்று காட்டியவருக்கு அது ஒரு குறையாகப் பட்டிராது.

கெப்ளர் கொள்கையளவிற் கூறிய தொலைகாட்டியைச் செய்து ஞாயிற்றுப் புள்ளிகளை ஆராய்ந்தவர் இயேசு சபைத் துறவியான கிறிஸ்ரோபர் ஷைனர். ஞாயிற்றுப் புள்ளிகளை முதலிற் கண்டவர் யார் என்று கலிலியோவோடு அவர் நடத்திய கசப்பான வாதத்தினால் வரலாற்றிலே அவருக்கு நற்பெயர் கிட்டவில்லை. ஆனால் 1619இல் அவர் வெளியிட்ட கண்ணைப் பற்றிய நூல் வேறொரு மதிப்பீட்டை வேண்டிநிற்கின்றது. அதிலே ஒரு சிறு பரிசோதனை உண்டு. அட்டையொன்றிலே கண்மணியின் அகலத்தினும் குறைந்த இடைவெளியில் இரு ஊசித்துளைகளை இட்டு, அவற்றினூடாக ஓர் ஊசியைப் பார்க்கவேண்டும். கண் அந்த ஊசியின் தூரத்துக்குச் சரியாகக் குவிந்திருந்தால் ஊசி ஒன்றாகத் தெரியும்; குவியாதிருந்தால் இரண்டாகத் தெரியும். கண்மணியின் இரு வேறு பகுதிகளூடாகச் செல்லும் கதிர்கள் விழித்திரையில் ஒன்றுகூடுகின்றனவா இல்லையா என்பதையே இது காட்டுகின்றது. கண்ணின் குறையை, நோயாளி சொல்லும் சொல்லாலன்றி, ஒளிக்கதிர் சென்ற வழியால் அறியும் முறை இவ்வாறு பிறந்தது. இவ்விரு துளைகள் பின்னர் மீண்டும் வரும்.

அடுத்த ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நூற்றாண்டு காலம் வில்லையைச் செம்மையாக்குவதிலும் ஆடியைப் பெரிதாக்குவதிலும் கழிந்தது. கண் மீண்டும் வினாவுக்குள்ளானது கிறீனிச் அரச வானாய்வு நிலையத்திலே, 1796இல். அங்கே நெவில் மஸ்கலின் அரச வானியலாளராக இருந்தார். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னபுறூக் என்னும் இளைஞர். விண்மீனொன்று நடுவரையைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதே அவர்களது நாளாந்தப் பணி. தொலைகாட்டியின் பார்வைப்புலத்திலே நிலைக்குத்தாக மெல்லிய இழைகள் கட்டப்பட்டிருக்கும். நோக்குபவர் கடிகாரத்தின் துடிப்பைக் காதால் எண்ணிக்கொண்டே, ஒரு துடிப்பின்போது மீன் இழைக்கு இப்பால் எங்கே நின்றது, அடுத்த துடிப்பின்போது அப்பால் எங்கே நின்றது என்பதை மனத்திற் பதித்து, இழையைக் கடந்த கணத்தைச் செக்கனின் பத்திலொரு பங்குவரை மதிப்பிடவேண்டும். ‘கண்ணும் காதும்’ என்று இம்முறை அழைக்கப்பட்டது. 1794இல் பணியேற்ற கின்னபுறூக்கின் அளவுகள் முதலில் மஸ்கலினுடையவற்றோடு ஒத்திருந்தன. 1795 ஓகஸ்றிலிருந்து அவை அரைச் செக்கன் பிந்தின. எச்சரிக்கப்பட்ட பின்னரும் குறையவில்லை. 1796 யனவரியில் வேறுபாடு 0.8 செக்கனாயிற்று. மஸ்கலின் அவரைப் பணியிலிருந்து நீக்கினார்.

0.8 செக்கன் என்பது சிறியதாகத் தோன்றலாம். புவி ஒரு செக்கனிற் 15 விகலை சுழல்வதால், அது 12 விகலைக்குச் சமம். நெடுங்கோட்டிலே இப்பிழை நேர்ந்தால் மத்தியகோட்டில் ஏறத்தாழ 370 மீற்றர் தவறும். கடலோடிகளுக்கான பஞ்சாங்கத்தைப் பதிப்பித்து வந்த மஸ்கலின் இதனைப் பொறுக்கமுடியாது போனமை விளங்கக்கூடியதே. விளங்காதது வேறொன்று. இதே மஸ்கலின் 1789இல் கண்ணின் ஒளிமுறிவு பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவர். இரவிலே தமது கண்ணின் கிட்டப்பார்வை கூடுவதைத் தாமே கவனித்துக் கூறியவர். தம் கண்ணின் குறையை அறிவாராய்ச்சிக்குரிய பொருளாகக் கண்டவர், உதவியாளனின் வேறுபாட்டை ஒழுங்கீனமாகவே கண்டார். தலைவரின் நேரம் நேரமாகவும் ஊழியனின் நேரம் பிழையாகவும் கொள்ளப்பட்டது. இருவரில் உண்மைக் கணத்துக்கு அண்மையில் நின்றவர் யார் என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை. கின்னபுறூக் 1802இல், முப்பது வயதளவில் இறந்தார்.

கேட்கத் தோன்றியவர் கோனிக்ஸ்பேர்க் நகரிலிருந்த பிரீட்ரிக் பெசல். கிறீனிச் நிகழ்ச்சியை அச்சிற் படித்த அவர், அது தனியொருவரின் கவனயீனமாக இராதோ என ஐயுற்று, 1820ஆம் ஆண்டையொட்டிப் பிற வானியலாளரோடு தம்மை ஒப்பிட்டளந்தார். கைதேர்ந்த நோக்குநர் ஒருவருக்கும் தமக்குமிடையே ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாடு இருக்கக் கண்டார். அவ்வேறுபாடு ஏறக்குறைய மாறாது நின்றது. ஆளுக்காள் வேறுபடும் இவ்வளவு ‘ஆள்சார் சமன்பாடு’ என்று பெயர்பெற்றது. இது கண்ணின் வில்லையிலுள்ள குறையன்று. காண்பதையும் கேட்பதையும் மனம் ஒன்றுசேர்க்க எடுக்கும் காலத்தைச் சார்ந்தது. இப்பிரச்சினையை உத்ரெக்ற் நகரிலே டொண்டேர்ஸ் எடுத்துக்கொண்டு, உள நிகழ்ச்சிகளின் வேகத்தை அளந்து 1868இல் வெளியிட்டார். அவர் கண் மருத்துவர் என்பதும், சிலிண்டர் வில்லையுள்ள மூக்குக்கண்ணாடியை மருத்துவ வழக்கிற் கொண்டுவந்தவர் என்பதும் தற்செயலல்ல.

அந்தச் சிலிண்டர் வில்லையின் பிறப்பும் வானியலாளர் ஒருவரிடமே. கேம்பிரிட்ஜில் இளம் ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் எயரி, தாம் படிக்கும்போது இடக்கண்ணைப் பயன்படுத்துவதேயில்லை என்பதைக் கவனித்தார். அக்கண்ணுக்கு விண்மீனும் விளக்கும் புள்ளியாகத் தெரியாது நீண்டு தெரிந்தன. தொலைகாட்டியின் வில்லையைச் சோதிப்பவன் செய்வதையே அவர் தம் கண்ணுக்குச் செய்தார்: ஒளியுள்ள ஊசித்துளை ஒன்றை அளவுகோலின் வழியே நகர்த்தினார். 6 அங்குலத் தொலைவில் அது ஒரு திசையிற் கூரிய கோடாயிற்று, 3.5 அங்குலத்தில் அதற்குச் செங்குத்தான கோடாயிற்று. கண்ணின் வளைவு ஒரு திசையிலும் மறுதிசையிலும் வெவ்வேறு என்பது இதன் பொருள். இத்தகைய குறை உண்டென்பதைத் தோமஸ் யங் தமது கண்ணிலேயே கண்டு 1801இல் வெளியிட்டிருந்தார். ஆயினும் அதைத் திருத்த முயன்றாரல்லர். எயரியோ, ஒரு முகம் சிலிண்டராகவும் மறுமுகம் கோளமாகவும் தேய்த்த வில்லையைக் கணித்து, இப்ஸ்விச் நகரத்துக் கைவினைஞர் ஒருவரைக்கொண்டு செய்வித்து அணிந்து, 1825இல் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தில் அதுபற்றிக் கட்டுரை படித்தார். இன்று உலகெங்கும் எண்ணிறந்தோர் அணியும் கண்ணாடியில் அந்தச் சிலிண்டர் உண்டு. எயரி பின்னர் மஸ்கலின் இருந்த பதவியிலேயே 1835 முதல் 1881 வரை இருந்தார். ‘கண்ணும் காதும்’ முறையை நீக்கி, மின்தொடுப்பாற் கணத்தைப் பதியும் கருவியைக் கிறீனிச்சில் 1854இல் கொண்டுவந்தவரும், அங்கு பணியாற்றியோரின் ஆள்சார் சமன்பாட்டை ஒழுங்காக அளப்பித்தவரும் அவரே. கின்னபுறூக்குக்கு நேர்ந்தது அதன்பின் எவருக்கும் நேரவேண்டியிருக்கவில்லை.

ஷைனரின் இரு துளைகள் திரும்பி வந்தது பொற்ஸ்டாம் நகரிலே. அங்கு 1899இல் 80 சதம மீற்றர் விட்டமுள்ள வில்லையோடு பெருந்தொலைகாட்டியொன்று நிறுவப்பட்டது. அதன் உருவம் எதிர்பார்த்த செம்மையைத் தரவில்லை. எப்பகுதி பிழை என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாதிருக்கவே, யொஹானஸ் ஹாற்மன் 1900ஆம் ஆண்டையொட்டிப் பல துளைகளிட்ட தட்டொன்றினால் வில்லையை மூடினார். ஒவ்வொரு துளையூடாகவும் வரும் மெல்லிய ஒளிக்கற்றை, குவியத்துக்கு முன்னும் பின்னும் புகைப்படத் தட்டில் எங்கே விழுகின்றது என அளந்தார். புள்ளி இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலகிய அளவே வில்லையின் அப்பகுதியின் பிழை. ஷைனர் கண்ணுக்குச் செய்ததை ஹாற்மன் பெருவில்லைக்குச் செய்தார். இரண்டு துளைகள் பல துளைகளாயின.

மூன்றாம் முறை அவை வந்தது கெடுபிடிப்போரின் நடுவிலே. விண்மீன் மினுங்குவதற்கும் தொலைகாட்டியின் உருவம் கலங்குவதற்கும் காரணம் வளிமண்டலத்தின் கொந்தளிப்பு. அக்கலக்கத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து, ஆடியின் வடிவையே அதற்கெதிராக மாற்றினால் உருவம் தெளியும் என்று ஹொரேஸ் பப்கொக் 1953இல் எழுதினார். அன்றைய தொழினுட்பத்தால் அது இயலவில்லை. பின்னர் சோவியத் செய்மதிகளைத் தரையிலிருந்து படமெடுக்க விரும்பிய அமெரிக்க விமானப்படை இதில் நாட்டங்கொண்டது. அரிசோனாப் பல்கலைக்கழகத்திலே றோலண்ட் ஷாக், ஹாற்மனின் துளைகள் ஒளியில் பெரும்பகுதியை வீணாக்குவதைக் கண்டு, ஒவ்வொரு துளைக்கும் பதிலாக ஒரு சிறு வில்லையை வைத்தார்; அவ்வில்லை வரிசையைச் செய்யப் பென் பிளாற் பெரிதும் உழைத்தார். 1971இல் இது வெளியிடப்பட்டது. இராணுவம் இத்துறையிற் செய்த வேலைகளிற் பெரும்பகுதி 1991வரை மறைக்கப்பட்டேயிருந்தது. அதற்கிடையில் ஐரோப்பிய வானியலாளர் 1989இல் பிரான்சின் ஓத்-புறொவான்ஸ் நிலையத்திலே வடிவு மாறும் ஆடியைத் தாமாகவே விண்மீன்மீது இயக்கிக் காட்டினர். ஒரே உண்மையை இருமுறை கண்டுபிடிக்க நேர்ந்தமை இரகசியத்தின் விலையாகும்.

இதற்கிடையே தொலைகாட்டியே கண்ணாடி அணிய நேர்ந்த கதையும் உண்டு. 1990இல் ஏவப்பட்ட ஹபிளின் 2.4 மீற்றர் ஆடி, விளிம்பிலே ஏறத்தாழ 2.2 மைக்கிரோமீற்றர் அளவுக்குத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. சோதனைக் கருவியின் ஒரு பகுதி 1.3 மில்லிமீற்றர் இடம்பிசகியிருந்தமையே காரணம். 1993 திசம்பரிலே விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஆடிகளைப் பொருத்தினர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறந்த கருவி மூக்குக்கண்ணாடிக்காகக் காத்திருந்த மூன்று ஆண்டுகள் அவை.

ஷாக்கின் சிறு வில்லைகளைக் கண்ணை நோக்கித் திருப்பியவர்கள் ஹைடல்பேர்க்கிலே யோசப் பில்லேயும் அவருடன் பணியாற்றிய யுன்சொங் லியாங்கும். விழித்திரையில் ஒரு சிறு ஒளிப்புள்ளியை விழச்செய்தால் அது ஒரு விண்மீன் போலாகும். கண்ணிலிருந்து திரும்பிவரும் அதன் ஒளியைச் சிறு வில்லைகளாற் பகுத்தால் கண்ணின் குறை முழுவதும் அளவாய் வெளிப்படும். 1994இல் இம்முறை வெளியாயிற்று. லியாங் பின்னர் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, டேவிட் வில்லியம்ஸ் முதலியோருடன் சேர்ந்து வடிவு மாறும் ஆடியையும் இணைத்தார். வளிமண்டலத்துக்குப் பதிலாகக் கண்ணின் சொந்தக் குறைகள் ஈடுசெய்யப்பட்டன. 1997இல், உயிருள்ள மனிதரின் விழித்திரையிலே தனித்தனிக் கூம்புக் கலங்கள் தெளிவாகப் படம்பிடிக்கப்பட்டன. 1999இல் ஒஸ்ரின் றூர்டாவும் வில்லியம்ஸும் நிறத்தை உணரும் மூவகைக் கூம்புகளும் எங்கெங்கே உள்ளன என்பதை இரு மனிதரின் கண்களில் வரைந்து காட்டினர். இருவருக்கும் நிறப்பார்வையிற் குறை எதுவுமில்லை. ஆயினும் நீண்ட அலையை உணரும் கூம்புகளுக்கும் இடையலையை உணரும் கூம்புகளுக்குமுள்ள விகிதம் ஒருவரில் ஏறத்தாழச் சமமாகவும் மற்றவரில் ஏறக்குறைய நான்குக்கு ஒன்றாகவும் இருந்தது. மஸ்கலின் இதனை அறிந்திருந்தால் என்ன எண்ணியிருப்பாரோ? விழித்திரை நோயின் வளர்ச்சியைக் கலங்கள் அளவிலே தொடர்ந்து நோக்குவதற்கு இம்முறை இன்று பயன்படுகின்றது. பார்வைத் திருத்தச் சத்திரசிகிச்சையிலும் ஷாக்கின் வில்லைவரிசை கொண்டு கண் அளக்கப்படுகின்றது.

தொலைகாட்டி கண்ணுக்குத் திரும்பிய வழி இதுவொன்றே அன்று. நேரான வழியொன்றும் உண்டு. விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட் பொட்டு முதுமையிற் சிதைந்தால், பக்கப் பார்வை எஞ்சியிருக்க, நேர்முன்னுள்ள எழுத்தும் முகமும் மறைந்துபோகின்றன. மூக்குக்கண்ணாடி இதற்கு உதவாது. உருவத்தைக் கூர்மையாக்கினும் அது விழும் இடம் அழிந்த இடமே. ஆனால் உருவத்தைப் பெரிதாக்கினால் அது அழிந்த இடத்தின் எல்லையைத் தாண்டி நலமுள்ள பகுதியிலும் விழும். இதற்குக் கலிலியோவின் அமைப்பே, அதாவது முன்னே குவிவும் பின்னே குழிவுமான வில்லைச்சோடியே, பெரிதும் ஏற்றது: குறுகிய குழாய், உருவம் நேராகவும் நிற்கும். அதன் பழைய குறையான ஒடுங்கிய பார்வைப்புலமும் கூடவே வருகின்றது. வானியலாளர் கெப்ளரின் அமைப்புக்கு மாறியதற்கு இக்குறையே ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் மோரிட்ஸ் பொன் றோர் இத்தகைய தொலைகாட்டிக் கண்ணாடிகளை வடிவமைத்தார். 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், சில மில்லிமீற்றர் நீளமே உள்ள கலிலியோ வகைத் தொலைகாட்டி ஒன்றைக் கண்ணின் இயற்கை வில்லையை அகற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்துவதற்கு அனுமதி வழங்கியது. பெருக்கம் மூன்று மடங்குக்கும் குறைவு; லிப்பர்ஹையின் குழாயோடு ஒப்பிடத்தக்கது.

அது ஒரு கண்ணில் மட்டுமே பொருத்தப்படும். மறுகண், வழியில் நடக்கவும் பக்கத்தில் வருவதை அறியவும் வேண்டி, உள்ளவாறே விடப்படும். ஆகவே சத்திரசிகிச்சை பெற்ற முதியவருக்கு ஒரு கண் பெரிதாயும் ஒடுங்கியும் காட்டும். மற்றது சிறிதாயும் விரிந்தும் காட்டும். முகத்தைப் பார்க்க எதை நாடுவது, படியிறங்க எதை நாடுவது என்பதை அவர் பல மாதப் பயிற்சியால் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.